சார்நாக்கைட்டு: ஒரு பாறைப்பெயரின் சொல் வரலாறு

தோற்றுவாய்

சொல்லாராய்ச்சியில் ஈடுபடுவோர் பெரும்பாலும் இலக்கியத்திலும் கல்வெட்டிலும் பயிலும் பழஞ்சொற்களையே எடுத்துக்கொள்வர். அறிவியல் நூல்களில் வழங்கும் பெயர்களோ அண்மைக் காலத்தில் ஆக்கப்பட்டவை. ஆக்கியோர் இன்னார், ஆக்கிய ஆண்டு இன்னது என அறியப்பட்டவை. ஆதலின் அவற்றுள் ஆராய்தற்கு யாதும் இல்லை என்று கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்துவதன்று. ஒரு பெயர் எவ்வாறு தோன்றுகின்றது, அதன் காரணம் எவ்வாறு மறைகின்றது, மறைந்த பின்னும் பெயர் எவ்வாறு நிலைபெறுகின்றது என்பனவற்றைப் பழஞ்சொற்களில் நாம் ஊகித்தே அறிதல் வேண்டும். அறிவியற் பெயர்களிலோ இவற்றை ஆண்டு வரிசையோடு காணலாகும்.

அவ்வகையில் ஆராயத்தக்கதொரு பெயர் 'சார்நாக்கைட்டு' என்பது. இது பாறை ஒன்றன் பெயர். உலகின் பல பகுதிகளில் இப்பாறை உண்டாயினும், இதற்கு மூல இடமாக நிலநூலார் கொள்வது சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் ஆகிய பகுதிகளையே. தமிழ்நாட்டுக் கல்லொன்று ஆங்கிலேயர் ஒருவர் பெயரைக் கொல்கத்தாவில் பெற்ற வரலாற்றையும், அவ்வரலாறு நம் கலைச்சொல்லாக்கத்திற்கு உணர்த்தும் நெறியையும் இக்கட்டுரையில் காண்போம்.

பாறையின் இயல்பு

நிலநூலார் பாறைகளைத் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என மூவகைப்படுத்துவர். முன்னரே அமைந்த பாறையொன்று நிலத்தின் ஆழத்தில் மிக்க வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் உட்பட்டு, உருகிவிடாமலே தன் கனிமங்களை மாற்றிக்கொள்ளுமாயின் அது உருமாறிய பாறை எனப்படும்.

சார்நாக்கைட்டில் குவார்ட்சும் பெல்சுபாரும் மிகுதி. அவ்வளவில் அது கிரானைட்டை ஒத்தது. ஆயின், கிரானைட்டில் பெரும்பாலும் காணப்படும் மைக்காவுக்கு மாறாக இதில் 'ஐப்பர்சுதீன்' என வழங்கிவந்த பைராக்சீன் இனக் கனிமம் அமைந்துள்ளது. மைக்கா தன்னுள் நீர்க்கூறு உடையது. பைராக்சீன் அஃது இல்லாதது. ஆகவே, ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீர் குறைந்த சூழலில் இப்பாறை உருப்பெற்றது என்று கொள்வர். புதிதாக உடைத்த கல் நீலமோ பசுமையோ கலந்த கருஞ்சாம்பல் நிறத்ததாய், எண்ணெய் தடவினாற்போன்ற பளபளப்புடன் விளங்கும். சென்னைப் பகுதியில் உள்ள இப்பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைமையுடையது.

பெயரிட்ட வரலாறு

கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலராய் வங்கத்தில் பணியாற்றியவர் ஜாப் சார்நாக்கு. முகலாயருடன் நேர்ந்த பூசலால் வங்கத்தை விட்டு நீங்கிய அவர், 1689ஆம் ஆண்டில் சென்னையில் தங்கியிருந்தார். 1690 ஆகத்து 24ஆம் நாள் மீண்டும் ஊக்ளி ஆற்றங்கரையில் இறங்கிச் சுதானுட்டி என்னும் சிற்றூரில் கும்பினியின் நிலையத்தை அமைத்தார். அவர் இறந்த நாள் கல்லறையில் 1692 சனவரி 10 என இலத்தீன மொழியில் பொறிக்கப்பட்டுள்ளது. அக்கால ஆங்கிலேயர் மார்ச்சுத் திங்களில் ஆண்டைத் தொடங்கினர். ஆதலின் இக்காலக் கணக்கில் அது 1693 ஆகும்.

அவருடைய மருமகனாராகிய சார்லஸ் அயர் கட்டிய எண்கோணக் கல்லறை மண்டபம் கொல்கத்தாத் தூய யோவான் கோயில் வளாகத்தில் இன்றும் உள்ளது. அதனுள் அமைந்த கரிய கற்பலகை பல்லாவரப் பகுதியைச் சேர்ந்த கல்லாகும். வங்கத்தின் தென்பகுதி ஆற்று வண்டலால் ஆனது. பலகையாக அறுத்துப் பொறித்தற்குரிய வன்கல் அங்குக் கிடைத்தல் அரிது. சென்னைக் கல் கடல்வழியே அங்குச் சென்றமைக்கு இதுவே காரணம்.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்தன. இந்திய நிலவியல் அளவைத் துறையினராகிய தாமஸ் ஹென்றி ஹாலந்து இக்கற்பலகையின் இயல்பை ஆராய்ந்து, 1893இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் சிறு கட்டுரையொன்றை வெளியிட்டார். அதன்கண் இப்பாறைக்குச் 'சார்நாக்கைட்டு' என்னும் பெயரை முன்மொழிந்தார். அதற்கு அவர் கூறிய காரணம் ஊன்றி நோக்கத்தக்கது. கொல்கத்தா நகரை நிறுவியவரைச் சிறப்பித்தற்கும், இப்பாறையின் முதல் மாதிரி தலைநகரை அடைதற்குத் தம்மை அறியாமலே அவர் காரணமாயினமை கருதியும் இப்பெயர் இடப்படுவதாக அவர் எழுதினார். பின்னர் 1900இல் வெளியிட்ட விரிந்த ஆய்வுரையில், இப்பெயரைத் தென்னிந்தியாவில் பரவியுள்ள ஒருசார்ப் பாறைத் தொகுதி முழுமைக்கும் உரியதாக்கினார்.

ஈற்றின் பொருள்

இப்பெயரின் ஈறு 'ஐட்டு' என்பது. கிரேக்க மொழியில் 'இட்டேசு' என்னும் ஈறு, 'ஒன்றனைச் சார்ந்தது', 'ஒன்றற்கு உரியது' என்னும் பொருளில் பெயரடைகளை ஆக்கும். கல் என்னும் பொருளுடைய 'லிதோசு' என்னும் சொல் முதலில் அதனோடு உடன்வந்து, பின்னர் மறைந்து, அடையே பெயராக நின்றது. நம் இலக்கண முறையில் கூறுவதாயின், நிலைமொழி மட்டும் நின்று வருமொழியின் பொருளையும் தானே உணர்த்துவதை ஒக்கும் என்க. குருதிநிறக் கல்லைக் குறிக்கும் 'ஈமடைட்டு' முதலிய பழம்பெயர்கள் இவ்வாறு வந்தவையே. இலத்தீனத்தின் வழியே ஐரோப்பிய மொழிகளிற் புகுந்த இவ்வீறு, கனிமங்களுக்கும் பாறைகளுக்கும் உரிய பொது ஈறாக நிலைத்துவிட்டது. எனவே 'சார்நாக்கைட்டு' என்பதன் நேர்ப்பொருள் 'சார்நாக்கைச் சார்ந்த கல்' என்பதாகும்.

சார்ந்தது என்பது எவ்வகைச் சார்பு? கண்டறிந்தவர் என்னும் சார்பன்று. கல்லை ஆராய்ந்தவர் என்னும் சார்புமன்று. உரிமை பற்றிய சார்புமன்று. அவர் அக்கல்லின்கீழ் அடங்கியிருக்கின்றார் என்பதே சார்பு. ஈறு பொதுவாகச் 'சார்பு' என்பதை மட்டும் உணர்த்துமேயன்றி, அச்சார்பின் வகையை உணர்த்தாது. வேற்றுமைத் தொகையில் உருபு மறைந்து நிற்கப் பொருளை வரலாற்றால் உணர்தல் போல, இங்கும் வரலாறே துணையாகின்றது.

முதனிலையின் பொருள்

இனிச் 'சார்நாக்கு' என்னும் குடிப்பெயர் எவ்வாறு வந்தது எனக் காண்போம். இங்கிலாந்தின் இலங்காசயர்ப் பகுதியில் 'சார்நாக்கு' என்னும் பெயர் தாங்கிய ஊர்கள் உள்ளன. ஊர்ப்பெயரே குடிப்பெயராயிற்று. அவ்வூர்ப்பெயரோ, கற்குவியல் என்னும் பொருளுடைய 'கார்ன்' என்னும் பழங்கெல்த்தியச் சொல்லடியாகப் பிறந்திருத்தல் கூடும் என்பது ஆங்கில இடப்பெயர் ஆய்வாளர் கருத்து.

இங்கு ஒன்று கருதத்தக்கது. முதனிலை கல்லைக் குறிக்கின்றது. பெயர் பெற்ற பொருளும் கல். வரலாற்றுச் சான்றுகள் அழிந்துபோய், ஆயிரம் ஆண்டு கழிந்தபின் சொல்லாராய்ச்சியாளர் ஒருவர் இப்பெயரை மட்டும் காண்பாராயின், 'கற்குவியல் என்னும் பொருளுடைய சொல்லடியாகப் பிறந்த பாறைப்பெயர் இது' என்று ஐயமின்றி முடிவு கட்டுவர். ஒலியும் பொருளும் அவர்க்கு ஒருங்கே துணைநிற்கும். ஆயினும் அம்முடிவு பிழையே. ஹாலந்து இப்பெயரை இட்டது வேர்ப்பொருளை நோக்கியன்று; ஒரு மனிதரின் கல்லறையை நோக்கியே. வேரும் பொருளும் இயைந்தது தற்செயல்.

ஒலியொப்புமையும் பொருளொப்புமையும் ஒருங்கே அமைந்தவிடத்தும் சொற்பிறப்பு உறுதியாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. சொல்லின் வேர் வேறு. பெயரிட்ட காரணம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் விளையும் மயக்கம் நம் ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் பலகாலும் காணப்படுவதாகும். சொற்பொருளின் காரணம் மேலோட்டமாக நோக்குவார்க்குப் புலனாகாது எனத் தொல்காப்பியர் உரியியலில் கூறியதன் ஆழம் இத்தகைய இடங்களிலேயே விளங்குகின்றது.

பெயர் பெறாத மலை

பாறைக்கும் கனிமத்திற்கும் அவை கிடைக்கும் இடத்தால் பெயரிடுதல் நிலநூலார் வழக்குகளுள் ஒன்று. அவ்வழக்கைக் கொண்டிருப்பின் இப்பாறை பல்லாவரத்தால் பெயர் பெற்றிருக்கலாம். பல்லாவரம் அறிவியலார் அறியாத ஊருமன்று. அதே நிலவியல் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட் 1863இலேயே அங்குப் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சிக்கு வழிவகுத்தார்.

பல்லாவரம் என்பது பல்லவபுரம் என்பதன் திரிபு என்பர். உயிரிடைப்பட்ட பகரம் வகரமாதலும், 'புரம்' என்னும் ஈறு 'வரம்' எனத் திரிதலும் காஞ்சிபுரம் 'காஞ்சீவரம்' எனவும், மாமல்லபுரத்திற்கு வழங்கும் மாபலிபுரம் என்னும் பெயர் 'மாவலிவரம்' எனவும் பேச்சில் வழங்குதலால் அறியப்படும். இத்திரிபிற்கு அரணாக அங்குள்ள குடைவரை நிற்கின்றது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் பல்லாவரத்து மலையைக் குடைந்து கோயில் எடுத்து, தன் பட்டப்பெயர்கள் பலவற்றை அங்குப் பொறிக்கச் செய்தான். அக்குடைவரை இன்று இசுலாமியர் வழிபாட்டிடமாக விளங்குகின்றது.

பல்லவ வேந்தன் பட்டப்பெயர்கள் அம்மலையிலேயே வெட்டப்பட்டிருந்தும் பாறை அவன் பெயரால் வழங்கவில்லை. பெயரீட்டில் முந்தியது எது என்பதைவிடப் பெயரிடுவோர் எங்கிருந்து நோக்கினர் என்பதே வலிமையுடையது. 1893இல் இந்தியாவின் தலைநகர் கொல்கத்தா. நிலவியல் துறையின் தலைமையிடமும் ஆசியக் கழகமும் அங்கேயே இருந்தன. கல் மலையில் இருந்த காலமெல்லாம் கணக்கில் வரவில்லை. அது தலைநகரை அடைந்த நாளே கணக்கிற்கு வந்தது. ஹாலந்து கூறிய காரணத்தில் இந்நோக்கு வெளிப்படையாகவே அமைந்துள்ளது.

மூல இடத்தின் மற்றொரு பகுதியாகிய பரங்கிமலையும் பிறர் நோக்கால் பெயர் பெற்றதே என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. பிராங்கு என்னும் ஐரோப்பிய இனப்பெயர் அரபு, பாரசீக மொழிகளின் வழியே 'பரங்கி' எனத் தமிழில் வந்து, போர்த்துக்கேசியர் முதலியோரைக் குறித்தது. அவர் குடியேறிய குன்று பரங்கிமலையாயிற்று. அங்கே தமிழர் அயலாரை நோக்கிக் குன்றுக்குப் பெயரிட்டனர். இங்கே அயலார் தம்மவரை நோக்கிக் குன்றின் கல்லுக்குப் பெயரிட்டனர். இந்திய நிலவியல் துறை பின்னாளில் இப்பரங்கிமலைப் பாறையை நாட்டின் நிலவியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்துள்ளது.

காரணம் மாறியும் பெயர் நிலைத்தல்

இப்பெயரின் பிற்கால வரலாறு இலக்கணம் கற்பார்க்கு இன்னும் பயன்தருவது. ஹாலந்து இப்பாறையைத் தீப்பாறை எனக் கருதினார். பின்வந்தோர் பலர் இதனை உருமாறிய பாறை என்றனர். இருசாராரிடையே நெடுங்காலம் சொற்போர் நிகழ்ந்தது. 1960இல் சி. எஸ். பிச்சமுத்து, கருநாடகத்துக் கப்பல்துர்க்கத்தில் வெளிர்நிற நைசுப் பாறை, இருந்த இடத்திலேயே திட்டுத்திட்டாகச் சார்நாக்கைட்டாக மாறியிருத்தலை எடுத்துக்காட்டினார். மாற்றம் நிறைவுறாமல் நடுவழியில் நின்றுவிட்ட நிலையை அங்குக் கண்கூடாகக் காணலாயிற்று. இன்று, உருமாற்றத்தால் வந்தனவும் உருகிய குழம்பிலிருந்து நேரே படிகமாயினவும் ஆகிய இருவகையும் உண்டு எனக் கொண்டு, பைராக்சீன் உடைமையையே இப்பெயர்க்கு இலக்கணமாகக் கொள்கின்றனர்.

பெயரிட்ட காரணமும் இவ்வாறே மாறியது. சார்நாக்கைக் கொல்கத்தாவை நிறுவியவராகக் கொள்ளலாகாது என 2003இல் கொல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரலாற்று அறிஞர் குழுவின் அறிக்கையைத் தழுவி எழுந்த தீர்ப்பு அது. ஹாலந்து கருதிய சிறப்பு இவ்வாறு நீங்கியும் பாறைப்பெயர் நீங்கவில்லை. நீங்க வேண்டுவதும் இல்லை.

பெயர்களை இடுகுறி, காரணம், காரண இடுகுறி எனப் பகுத்துக் காணும் முறையை நன்னூலார் வழி வந்தோர் நன்கறிவர். காரணம் கருதிய வழிக் காரணப்பெயராயும், காரணம் கருதாது ஒன்றற்கே உரியதாய் வழங்கும் வழி இடுகுறியாயும் நிற்பது காரண இடுகுறி. முள்ளுடையன எல்லாம் முள்ளி ஆகாது, ஒரு செடியே முள்ளி எனப்படுதல் போன்றது அது. சார்நாக்கைச் சார்ந்தன எல்லாம் சார்நாக்கைட்டு ஆகா. அவர் கல்லறை மண்டபத்தின் செங்கல்லும் சுண்ணச்சாந்தும் அப்பெயர் பெறவில்லை. அவரோடு எச்சார்பும் இல்லாத அண்டார்க்டிக்காப் பாறையோ அப்பெயர் பெறுகின்றது. காரணத்தில் தோன்றி இடுகுறியாய் நிலைத்தலை இங்கு நூறாண்டு எல்லைக்குள் முழுமையாகக் காண்கின்றோம்.

பிற பாறைப்பெயர்களோடு ஒப்பீடு

இதனொடு தொடர்புடைய பிற பெயர்களையும் நோக்கின், அவை மூவகையாகப் பிரிதல் விளங்கும்.

முதல் வகை, கண்ணாற் காணும் இயல்பால் வந்தவை. 'சிசுட்டு' என்பது பிளத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாக வந்தது. அப்பாறை ஏடு ஏடாகப் பிளவுறும். 'நைசு' என்பது செருமானியச் சுரங்கத்தொழிலாளர் வழக்கு. தீப்பொறி என்னும் பொருளுடைய பழஞ்சொல்லினின்று வந்தது என்பர். தமிழில் 'மாக்கல்' இவ்வகையது. மாவைப்போல் மென்மையாய்ப் பொடிபடுதலால் அப்பெயர் பெற்றது. அதுவும் உருமாறிய பாறையே.

இரண்டாம் வகை, பெயரிட்டோர் கொண்ட கொள்கையால் வந்தவை. 'பைராக்சீன்' என்பதற்குத் 'தீக்கு அயலானது' என்பது பொருள். எரிமலைக் குழம்பில் காணப்பட்ட அப்படிகங்கள் வேற்றிடத்திலிருந்து வந்து சிக்கியவை என்று பிரெஞ்சு அறிஞர் ஹவுய் 1796இல் கருதினார். அவை அக்குழம்பிலேயே பிறப்பன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 'மைலோனைட்டு' என்பது ஆலை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாக லாப்வொர்த் 1885இல் இட்ட பெயர். நிலப்பெயர்ச்சியால் பாறை ஆலையிலிட்டாற்போல் அரைபட்டது என அவர் எண்ணினார். அரைபடுதலினும், வெப்பத்தால் நெகிழ்ந்து படிகம் புதிதாதலே அங்குச் சிறந்த காரணம் என்பது இக்காலத்தார் துணிபு. கொள்கை வீழ்ந்தும் இவ்விரு பெயர்களும் நிற்கின்றன.

மூன்றாம் வகை, மக்கள் பெயராலோ இடப்பெயராலோ வந்தவை. சார்நாக்கைட்டு இவ்வகையது. 'கோண்டலைட்டு' என்பதும் அன்னது. ஒடிசாவில் வாழும் கோண்டு மக்களின் பெயரால் வாக்கர் 1902இல் இட்ட பெயர் அது. கோணார்க்கக் கதிரவன் கோயில் பெரும்பாலும் அக்கல்லால் ஆனதே. கோண்டு என்னும் இனப்பெயரைக் மலை என்னும் பொருளுடைய 'கொண்ட' என்னும் தெலுங்குச் சொல்லோடு இயைப்பாரும் உளர். தெலுங்குக் 'கொண்ட'வும் தமிழ்க் 'குன்'றும் ஓரினச் சொற்கள் என்பது திராவிட மொழியாராய்ச்சியார் முடிபு. அவ்வியைபு பொருந்துமாயின், நம் சொல்லினம் ஒன்று கிரேக்க ஈறு பெற்று உலக வழக்கில் உலவுகின்றது என்னலாம்.

தமிழில் ஆளும் முறை

இம்மூவகைப் பகுப்பு வெறும் ஆராய்ச்சியளவில் நிற்பதன்று. கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குங்கால் எவற்றை மொழிபெயர்ப்பது, எவற்றை ஒலிபெயர்ப்பது என்னும் வினாவிற்கு விடையும் இதனுள் உள்ளது. எல்லாவற்றையும் மொழிபெயர்த்தல் வேண்டும் என்பாரும், எல்லாவற்றையும் அவ்வாறே கொள்ளல் வேண்டும் என்பாரும் பெயரிட்ட காரணத்தை நோக்காமையாலேயே மாறுபடுகின்றனர்.

காட்சியியல்பால் வந்த பெயர்களை மொழிபெயர்த்தல் தகும். காரணம் தமிழனுக்கும் கண்கூடாக விளங்கும். 'உருமாறிய பாறை' என்னும் தொடரே இதற்கு நற்சான்று. கொள்கையால் வந்த பெயர்களை மொழிபெயர்த்தல் தகாது. பைராக்சீனைத் 'தீயயல்' என்றும் மைலோனைட்டை 'அரைபாறை' என்றும் ஆக்கின், மூலமொழியில் மறைந்து கிடக்கும் பிழை தமிழில் வெளிப்பட்டு நின்று மாணவனை மயக்கும். கிரேக்கம் அறியாத ஆங்கில மாணவனுக்கு இல்லாத இடர்ப்பாட்டைத் தமிழ் மாணவனுக்கு நாமே உண்டாக்கியவராவோம். மக்கட்பெயராலும் இடப்பெயராலும் வந்தவற்றை ஒலிபெயர்த்தலே முறை.

சார்நாக்கைட்டைக் 'கருங்கல்' என மொழிபெயர்த்தல் பொருந்துமா எனின், பொருந்தாது. கட்டட வேலையில் கருங்கல் என்னும் சொல் கிரானைட்டு, நைசு, சார்நாக்கைட்டு முதலிய வன்கற்கள் பலவற்றிற்கும் பொதுவாக வழங்குகின்றது. பொதுப்பெயரைச் சிறப்புப்பெயராக்கின் இரண்டும் கெடும். 'பல்லாவரக்கல்' எனலாமோ எனின், அது வரலாற்றுக்கு இயைந்த இனிய பெயரே. பல்லாவரத்துக் கல்லை விளக்குமிடத்து அடைமொழியாக அதனை ஆளலாம். ஆயின் உலக வழக்கிலுள்ள பெயருக்கு ஈடாக அதனை வைப்பின், நம் மாணவர் பிறமொழி நூல்களோடு தொடர்பிழப்பர். மலைக்கு நேர்ந்த குறையை மலையின் வரலாற்றை எழுதி நிறைவித்தலே தக்கது. பெயரை மாற்றி அன்று.

ஒலிபெயர்க்குங்கால் தமிழ் மரபு போற்றப்படல் வேண்டும். வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு புணர்ந்தமையவே அயற்சொல்லை ஏற்றல் தொல்காப்பியர் காட்டிய நெறி. இப்பெயரைச் சார்னோக்கைட், சார்னகைட் எனப் பலவாறு எழுதுகின்றனர். ரகர ஒற்றின்பின் னகரம் மயங்குதல் தமிழ் மெய்ம்மயக்கத்திற்கு ஒவ்வாது. நகரம் மயங்குதல் ஒக்கும். டகரமெய் சொல்லிறுதியில் நில்லாமையின் உகரம் பெறும். ஆங்கில ஒகரச் சாயல், 'டாக்டர்', 'காப்பி' முதலிய சொற்களிற்போல ஆகாரமாதல் நம் வழக்கு. இவை பற்றியே 'சார்நாக்கைட்டு' என்னும் வடிவத்தை இக்கட்டுரையில் ஆண்டோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சார்நாக்கைட்டு என்பது கல்லின் இயல்பாலோ பிறந்த மலையாலோ அன்றிக் கல்லறையொன்றால் பெயர் பெற்றது என்பதும், அதன் வேர்ப்பொருள் கல்லோடு இயைதல் தற்செயலே என்பதும், காரணம் கெட்ட பின்னரும் பெயர் இடுகுறியாய் நிலைத்தது என்பதும் பெறப்பட்டன. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் சொல்லைப் பிரித்து வேர்காண்பதோடு நில்லாது, பெயரிட்ட காரணத்தையும் ஆராய்ந்து தெளிந்த பின்னரே மொழிபெயர்ப்பா ஒலிபெயர்ப்பா எனத் துணிதல் வேண்டும். பாறைப்பெயர்களில் தொடங்கிய இவ்வாராய்ச்சியைக் கனிமம், செடி, விலங்கு ஆகியவற்றின் பெயர்களுக்கும் விரித்துச் செய்வது இளம் ஆராய்ச்சியாளர் கடனாகும்.